‘ஜெபத்துக்குப் போ, தண்ணியில மட்டும் எறங்காத’: ஞானஸ்நானம் எடுத்தே ஆகவேண்டுமா?

கேள்வி: இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். இந்துக் குடும்பம், நான் மூத்த மகன். ரெண்டு வருஷமா சபைக்குப் போறேன், இயேசுவை விசுவாசிக்கிறேன். பாஸ்டர் ஞானஸ்நானம் எடுக்கச் சொல்றார். அம்மா, “ஜெபத்துக்குப் போ, தண்ணியில மட்டும் எறங்காத”ன்னு அழுவுறாங்க. விசுவாசம் மனசுல இருந்தா போதாதா?

பதில்:

தண்ணீரில் இறங்காவிட்டால் இரட்சிப்பு இல்லையோ என்ற பயம் உங்கள் கேள்விக்குள் இருக்கிறது, முதலில் அதற்குப் பதில். தண்ணீர் யாரையும் இரட்சிப்பதில்லை. இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு ஞானஸ்நானம் எடுக்க நேரமும் இல்லை, வழியும் இல்லை. அன்றைக்கே பரதீசில் இருப்பாய் என்று அவனுக்குச் சொல்லப்பட்டது (லூக்கா 23). நான் போகிற மாதிரியான சபைகளின் போதனை இதுதான். கத்தோலிக்கத் திருச்சபை திருமுழுக்கை, அதாவது ஞானஸ்நானத்தை, மீட்புக்குத் தேவையான அருட்சாதனம் என்று போதிக்கிறது. ஆனாலும் அதை ஆசைப்பட்டுக் காத்திருந்து, பெறுவதற்குள் இறந்துபோனவரை அவர்களும் கைவிடுவதில்லை.

சரி, கள்ளனுக்கு வழி இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது. அதனால் “போதாதா?” என்று நீங்கள் கேட்கும்போது அவனைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

என் அனுபவத்தில், சபையில் வருஷக்கணக்காகக் கைதட்டிப் பாடுகிற பலரைவிட உங்கள் அம்மாவுக்கு ஞானஸ்நானம் என்றால் என்னவென்று நன்றாகவே தெரிந்திருக்கிறது. பாட்டு பாடினாலும் பைபிள் வாசித்தாலும் அவருக்குக் கவலையில்லை. தண்ணீரில் இறங்கினால் மட்டும் ஏன் அழுகிறார்? அதோடு இவன் வேறொருவருக்குச் சொந்தமாகிவிடுவான் என்று அவருக்குத் தெரிகிறது. பவுல் ரோமர் 6-இல் சொல்வதும் அதைத்தான். முழுகுவது கிறிஸ்துவோடு அடக்கம் பண்ணப்படுவது, எழும்புவது அவரோடு புது வாழ்வுக்கு எழும்புவது. தோட்டத்தில் இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. நம் ஆட்கள் பெரும்பாலும் புதைக்கிறவர்கள். குழிக்குள் இறக்கி, ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தால், அந்த ஆளின் பழைய கணக்கு வழக்கெல்லாம் அதோடு சரி.

பேர் பதியாமல் அன்றன்றைய கூலிக்கு, கைக்காசுக்கு, வேலை செய்கிறவரும் பேர் பதிந்தவரும் ஒரே மலையில்தான் நிற்கிறார்கள், ஒரே கொழுந்தைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் யார் தோட்டத்து ஆள் என்று கேட்டால் எல்லாருக்கும் பதில் தெரியும். இரண்டு வருஷமாக நீங்கள் சபையில் கைக்காசு ஆள். குறையாகச் சொல்லவில்லை, அப்படிக் கொஞ்சக் காலம் இருந்து பார்ப்பது நல்லதுதான். எப்போதும் அப்படியே இருக்கலாமா என்பதுதான் கேள்வி. இருக்கக்கூடாது என்பது என் அபிப்பிராயம். விசுவாசம் மனதுக்குள் தொடங்கலாம், ஆனால் ஊரறியச் சொல்லாத விசுவாசத்தை வைத்துக்கொண்டு ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கிற நம் லயத்தில் எவ்வளவு காலம் ஓட்டுவது? இயேசுவே யோர்தானில் இறங்கினார். சீஷராக்கி ஞானஸ்நானம் கொடுங்கள் என்று சொன்னவரும் அவர்தான் (மத்தேயு 28). இது விருப்பப் பாடம் இல்லை.

இனி அம்மா. அவர் பயம் மதத்தைப் பற்றியது மட்டும் என்று நினைக்காதீர்கள். மூத்த மகன் என்கிறீர்கள். “நான் கண்ண மூடுனா கருமாதி யாரு செய்வா?” என்பது அவர் மனதில் இருக்கும். மாரியம்மன் திருவிழாவுக்குச் சம்பளத்தில் காசு பிடிக்கும்போது நீங்கள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் தலைவர்மார் வீட்டுக்கு வந்து கேட்பார்களே என்ற பயம் இருக்கும். தங்கச்சி இருந்தால் அவள் கல்யாணம். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நாலு பேர் பேசுவதை நின்று கேட்கப் போவது அவர்தான், நீங்களும் இல்லை, உங்கள் பாஸ்டரும் இல்லை.

பவுல் ‘பாவத்துக்கு மரித்தோம்’ என்றுதான் எழுதினார். அம்மாவுக்கு மரித்தோம் என்று எங்கேயும் எழுதவில்லை. சிலுவையில் தொங்கிக்கொண்டே தன் தாயை யார் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்துவிட்டுப் போனவர் இயேசு (யோவான் 19). ஆகவே வேதத்தை விரித்துவைத்து வாதாடாமல், கேட்காத கேள்விக்கும் சேர்த்து நேராகச் சொல்லுங்கள்: “உங்கள நான்தான் பாப்பேன். செலவு என்னுது. பாடை தூக்குவேன், குழி வெட்டுவேன், பந்தி வைப்பேன். பூசை மட்டும் தம்பி செய்யட்டும்.” எதைச் செய்வீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள் என்று தெளிவாகத் தெரிந்தாலே பாதி அழுகை நிற்கும். மீதிப் பாதி நிற்காது, அதையும் தாங்கத்தான் வேண்டும்.

மறைத்து மட்டும் எடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் கொழும்பில் கடையில் வேலை செய்தபோது அங்கேயே எடுத்துவிட்டார். சபைக்காரர் யாரோ ஃபேஸ்புக்கில் படம் போட, தீபாவளிக்கு வீட்டுக்கு வருமுன்பே பக்கத்து லயத்துப் பையனின் போனில் அம்மா அதைப் பார்த்துவிட்டார். “முழுகுனது கூடப் பரவால்ல, ஏங்கிட்ட சொல்லலியே” என்று அந்த அம்மா இன்றைக்கும் சொல்கிறார்.

பாஸ்டர் அவசரப்படுத்துகிறாரா? உடனே எடுப்பது, காத்திருந்து எடுப்பது என்று அப்போஸ்தலர் நடபடிகளில் இரண்டு வேகமும் வருகிறதா என்று தேடினால், உடனே எடுக்கிற வேகம்தான் இருக்கிறது. எத்தியோப்பிய மந்திரி வழியில் தண்ணீரைக் கண்டதும் இரதத்தை நிறுத்தச் சொல்கிறான். பிலிப்பி சிறைச்சாலைக்காரன் அதே இராத்திரியில் எடுக்கிறான். ஆனால் பிறகு வந்த நூற்றாண்டுகளில், அந்நிய தெய்வ வழிபாட்டிலிருந்து வந்தவர்களைச் சில சபைகள் மூன்று வருஷம் வரை வைத்துப் படிப்பித்த பின்புதான் தண்ணீரில் இறக்கின. இரண்டு வருஷம் ஆன உங்களுக்கு இரண்டு வகையிலும் தடையில்லை. ஆனால் முழுகினால் நோய் தீரும், வேலை கிடைக்கும் என்று ஆசைகாட்டியோ, இந்த மாதம் இத்தனை பேர் என்று கணக்குக் காட்டவோ யாராவது இழுத்தால், அந்த இடத்தில் எடுக்காதீர்கள். ஏற்கும் முன் ஏன் எடுக்கிறேன் என்று உங்கள் வாயால் நாலு வரி சாட்சி சொல்ல முடிய வேண்டும். அது வராவிட்டால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

எப்படி நடக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் நம் பக்கத்து நடைமுறை சொல்கிறேன். பெரும்பாலும் ஞாயிறு காலை ஆராதனைக்கு முன். பாஸ்டர் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார், கூட ஒரு மூப்பர். அடியில் கல் வழுக்கும் என்பதால் கையைப் பிடித்துத்தான் இறக்குவார்கள். விசுவாசிக்கிறாயா என்று கேட்டு, நீங்கள் ஆமென் என்றதும், ஒரு கை முதுகில், ஒரு கை கைக்குட்டையோடு மூக்கில். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் என்று சொல்லிப் பின்பக்கமாகச் சாய்ப்பார். காது அடைக்கும், குளிர் மண்டையில் ஏறும், எழும்பும்போது கரையில் பாட்டு பாதி வரியில் கேட்கும். அவ்வளவுதான், சில விநாடி. கனமான உடுப்பு போடுங்கள், வெள்ளை உடுப்புக்குள் இன்னொன்று இருக்கட்டும். கரையில் சேலையைக் கட்டி மறைத்து உடுப்பு மாற்ற இடம் வைப்பார்கள். அட்டைப்பூச்சிக்கு உப்பு கொண்டுபோங்கள்.

உங்கள் ஊருக்கு ஒரு எச்சரிக்கை. மழை நாளில் மேல் கொத்மலை அணைக்குக் கீழே ஓயாவில், அதாவது ஆற்றில், இறங்கவே கூடாது. வான்கதவைத் திறந்தால் தண்ணீர் சட்டென்று ஏறும். இப்போது பல சபைகளில் மேடைக்குக் கீழே சீமெந்துத் தொட்டியே இருக்கிறது. ஆற்றில் எடுத்தால்தான் செல்லும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ‘திதாக்கே’ என்ற மிகப் பழைய சபை ஒழுங்கில், ஓடும் தண்ணீர் இல்லாவிட்டால் வேறு தண்ணீர், குளிர்ந்தது முடியாவிட்டால் சூடானது, இரண்டும் இல்லாவிட்டால் தலையில் மூன்று தரம் ஊற்று என்றே இருக்கிறது. நம் குளிர் ஊர் நுவரெலியாவை நினைத்து எழுதியது போலவே இருக்கும்.

குழந்தையில் அங்கிலிக்கன் கோயிலிலோ கத்தோலிக்கக் கோயிலிலோ தலையில் தண்ணீர் ஊற்றப்பட்டவர்களும் இதை வாசிக்கலாம். 1854-இல் தோட்டத் தமிழருக்கென்று அங்கிலிக்கன் மிஷன் தொடங்கிய காலத்திலிருந்து அப்படி வந்த குடும்பங்கள் மலையகத்தில் உண்டு. திரும்ப எடுக்க வேண்டுமா என்பதில் சபைக்குச் சபை பிணக்கு, அது தனிக் கேள்வி. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

கடைசியாக, பெயரை மாற்றத் தேவையில்லை. வேதத்தில் அப்படிக் கட்டளை கிடையாது. பாஸ்டர் பைபிள் பெயர் வைத்துக் கூப்பிட்டால் கூப்பிடட்டும். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் அம்மா வைத்த பெயரையே விட்டுவிடுங்கள், சபை தருகிற ஞானஸ்நானச் சான்றிதழிலும் அதையே எழுதச் சொல்லுங்கள். பிறகு கல்யாணப் பதிவிலோ பாஸ்போர்ட் எடுக்கும்போதோ இரண்டு பெயரோடு கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்கு, அலைய வேண்டியிருக்காது.