தப்பு காய்ச்ச ஓர் இடம்

அன்புள்ள அக்கா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆண்டுதோறும் ரப்பர்த் தோட்டப் பண்பாட்டு விழா நடத்துகிறோம். பாட்டு, பலகாரம், பழைய பொருள்களின் கண்காட்சி எல்லாம் உண்டு. இந்த முறை தப்பு மேளமும் உறுமி மேளமும் வேண்டாம், அது சாவு மேளம், நாதஸ்வரம் போதும் என்கிறார்கள் குழுவில் சிலர். உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

தப்பை விட்டுவிட்டு அதற்குத் தோட்டத்து விழா என்று பெயர் வைக்காதீர்கள்.

நான் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். மாரியம்மன் கோயில் திருநாளில் கரகம் புறப்படுமுன் காய்ந்த தென்னை ஓலையைக் கொளுத்தி, அந்தச் சூட்டில் தப்பைக் காட்டுவார்கள். விரலால் ஒரு தட்டு, மறுபடி நெருப்பு, மறுபடி ஒரு தட்டு. தோல் இறுகிக் கிண்ணென்று கேட்டதும் பெண்கள் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். உறுமிக்காரர் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார், மறுமுகத்தில் அடிப்பார். அந்த உறுமலில்தான் என் அம்மாவுக்கு அருள் வரும். அதே கைகள்தான் சாவுக்கும் அடித்தன. அப்பாவை அந்த அடியோடுதான் அனுப்பி வைத்தோம். கடைசிவரை கூட வந்த மேளம் எங்களுக்கு எப்படி ஆகாததாகும்? இந்தப் பேச்சுக்கு அடியில் இருப்பது சாதி. அதைக் குழுவில் வாய்விட்டே சொல்லுங்கள்.

நாதஸ்வரமும் இருக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை.

பலகாரம் என்றீர்கள். முறுக்குக்குப் பக்கத்தில் மரவள்ளிக்கிழங்குக்கும் ஓர் அடுப்பு மூட்டுங்கள். 1942 முதல் 1945 வரை, ஜப்பான்காரன் காலத்தில், அரிசிக்கு வழியில்லாத தோட்டத்துச் சனம் அதைத் தின்றுதான் உயிரை வைத்திருந்தது. சயாம் – பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவே இல்லை. கிழங்கை அவித்துக் கருவாட்டுச் சம்பலோடு கொடுங்கள். பேரப்பிள்ளைகள் கேட்டால் பாட்டிகள் சொல்வார்கள்.

கண்காட்சியில் ரப்பர்ப் பால் வாளியும் பால் வெட்டும் கத்தியும் மட்டும் போதாது. உங்கள் ஊர்க்காரர், அமைச்சராயிருந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பணம் கட்டிய ரசீது யார் வீட்டுப் பெட்டியிலாவது கிடக்கும். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில் தொழிலாளிகளே காசு சேர்த்துத் தோட்டம் வாங்கியதற்கு அது சாட்சி. தேடிப் பாருங்கள்.

மண்டபத்துக்குள் நெருப்பு மூட்ட விடமாட்டார்கள். ஆகவே மேளத்துக்கு வாசலில் இடம் ஒதுக்கி, ஒரு கட்டு ஓலை போட்டு வையுங்கள். இன்றைய பையன்கள் சினிமாப் பாட்டுக்கு நன்றாகவே அடிக்கிறார்கள். கரகத்துக்கு ஓர் அடி, சாமி அழைக்க வேறோர் அடி என்று பிரித்துக் காட்ட வயதானவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். முதல் அடியை அவர்களுக்குக் கொடுங்கள், பையன்கள் பக்கத்தில் நிற்கட்டும்.

தேதியை எழுதுங்கள், வருகிறேன்.