இறக்கைகள் மட்டும் இடித்துக்கொண்டால் கப்பலைத் தள்ளி வைக்க வேண்டுமா?

கேள்வி: விண்கப்பல் மினியேச்சர் விளையாட்டில் என் கப்பலின் அடித்தட்டு எதையும் தொடவில்லை, ஆனால் இறக்கை எதிராளியின் கப்பலை இடிக்கிறது. தள்ளி வைக்கச் சொல்கிறார் நண்பர். திணித்து வைத்ததில் இறக்கை உடைந்துவிட்டது. என்ன செய்வது?

தள்ளி வைக்கக் கூடாது. திணித்தும் வைக்கக் கூடாது. அடித்தட்டு, இறக்கை என்று எழுதியிருப்பதிலிருந்து நீங்கள் எக்ஸ்-விங் விளையாடுகிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். 2012-இல் வந்த முதல் பதிப்பிலும் 2018-இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் இதற்கான விதி ஒன்றுதான்: கப்பலின் இடம் என்பது அதன் அடித்தட்டின் இடம். சிறிய கப்பலுக்கு அது 40 மில்லிமீட்டர் சதுரம். ஒரு சதுரம் இன்னொரு சதுரத்தின் மேல் ஏறினால்தான் மோதல். அப்போது வந்த வழியே டெம்ப்ளேட்டின் (நகர்வை அளக்கும் அட்டைப் பட்டையின்) மேல் பின்னோக்கி இழுத்து, தொட்டுக்கொண்டிருக்கும் நிலையில் நிறுத்துவோம். இரண்டு பதிப்புகளும் வந்தபோது இருந்த விதிப்படி, அந்தச் சுற்றில் அந்தக் கப்பல் தன் செயலை இழந்தது. தொட்டுக்கொண்டிருக்கும் கப்பலைச் சுடவும் முடியாதிருந்தது. சதுரங்கள் விலகியிருக்க மேலே இறக்கைகள் மட்டும் தொட்டால் அது மோதலே அல்ல. தாங்கும் கம்பியில் ஒரு துண்டைக் கூட்டியோ குறைத்தோ ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்திக்கொள்ளலாம். உயரத்துக்கு அந்த விளையாட்டில் எந்தப் பொருளும் கிடையாது.

இவ்வளவு சிறிய கேள்விக்கு நீளமாக எழுத எனக்குக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருநகரில் நடந்த விளையாட்டுச் சந்திப்புக்கு, பாம்பனிலிருந்து இரவு முழுவதும் பேருந்தில், கப்பல் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு போயிருந்தேன். மூன்றாவது ஆட்டத்தில் என் கப்பல் எதிராளியின் முதுகுக்குப் பின்னால் மிக நெருங்கி வந்து நின்றது. அளவுகோலின் முதல் 100 மில்லிமீட்டருக்குள் இருந்ததால் தாக்குதலுக்கு எனக்கு ஒரு பகடை கூடுதலாக உண்டு. பக்கத்தில் நின்ற இன்னொரு கப்பலின் இறக்கை என் கப்பலின் இறக்கையில் தொட்டது. நடுவராக இருந்தவர் வந்து பார்த்து, இங்கே வைத்தால் உடைந்துவிடும் என்று சொல்லி, என் கப்பலை இரண்டு சென்டிமீட்டர் பின்னால் எடுத்து வைத்தார். தூரம் இரண்டாம் கட்டத்துக்குப் போய்விட்டது, கூடுதல் பகடையும் போயிற்று. கம்பித் துண்டு ஒன்றைச் செருகினால் தீரும் என்று நான் சொன்னேன். நேரம் இல்லை என்றார்கள். தோற்றதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. உடையக்கூடாது என்ற நல்ல எண்ணத்தால் ஆட்டத்தின் உண்மை மாற்றப்பட்டதே என்பதுதான் இன்றும் எனக்கு ஆறாத வருத்தம்.

ஆனால் அதற்கும் முன்பு இதே தவற்றை மறுபக்கத்திலிருந்து நானே செய்திருக்கிறேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். தடைக்காலத்தில் பகலெல்லாம் படகுப் பழுது பார்த்துவிட்டு, மாலையில் என்னோடு பாய்மரக் கப்பல் சண்டை ஆடுவார். அந்த விளையாட்டின் விதிகளை நாங்களே எழுதிக்கொண்டோம், கப்பல்களையும் நாங்களே செய்தோம். படகு கட்டும் இடத்தில் கழிக்கும் வேப்பமரத் துண்டைச் செதுக்கினால் உடல். தென்னை ஈர்க்கு பாய்மரம். பழைய வலையிலிருந்து பிரித்த நைலான் இழை கயிறு. வேட்டித் துணியைக் கஞ்சியில் நனைத்துக் காயவைத்தால் காற்றில் புடைத்த பாய் போலவே விறைத்து நிற்கும். ஒவ்வொன்றும் 12 சென்டிமீட்டர் நீளம்; அடித்தட்டோ 10 சென்டிமீட்டர்தான், மீதி இரண்டும் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் மூக்குக்கம்பு. அண்ணன் தம்முடைய கப்பலுக்குக் கயிறு கட்டி முடிக்கவே ஒரு தடைக்காலத்தில் பாதி போயிற்று. வலை முடியும் கைகளால் அவர் போட்ட முடிச்சுகளைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்க்க முடியும்.

ஒரு நாள் மாலை என் கப்பலின் மூக்குக்கம்பு அவருடைய முன்பாய்மரத்தின் கயிறுகளுக்குள் நுழைய வேண்டிய இடத்தில் என் நகர்வு முடிந்தது. அங்கே நின்றால்தான் என் பக்கவாட்டுப் பீரங்கிகள் அவருடைய மற்றொரு கப்பலை எட்டும். சற்று விலக்கி வைத்துக்கொள், இடம் உன்னுடையதாகவே இருக்கட்டும் என்று அவர் சொன்னார். நான் கேட்கவில்லை. 1805-இல் டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் தளபதி நெல்சனின் விக்டரி கப்பலும் பிரெஞ்சுக் கப்பலான ரெடூட்டபிளும் கயிறுகள் பின்னிக்கொண்டு கிடந்தே சண்டையிட்டன, அதுபோல இதுவும் சிக்கித்தான் நிற்க வேண்டும் என்று வாதாடியபடியே அழுத்தி வைத்தேன். ஈர்க்கு ஒடிந்த சத்தம் மிகச் சிறியது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் தம் கப்பலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

என் வாதம் தவறு என்பதை அந்த இரண்டு நாட்களில் கணக்குப் போட்டுத்தான் கண்டுகொண்டேன். எங்கள் விளையாட்டில் மேசையில் ஒரு சென்டிமீட்டர் என்பது கடலில் 20 மீட்டர். விக்டரியின் பீரங்கித் தளம் சுமார் 57 மீட்டர் நீளம். மேசையில் அது மூன்று சென்டிமீட்டர்கூட வராது. எங்கள் மாதிரியோ 12 சென்டிமீட்டர். அதாவது கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக, கப்பல் உண்மையில் அடைக்கும் நீளத்தைப்போல் சுமார் நான்கு மடங்கை அது அடைத்துக்கொண்டிருக்கிறது. மேசையில் மூக்குக்கம்பு கயிற்றில் நுழைந்தபோது கடலில் அந்த இரண்டு கப்பல்களுக்கும் நடுவே இன்னும் நிறையத் தண்ணீர் இருந்தது. மினியேச்சர் விளையாட்டுகள் பெரும்பாலானவற்றில் உருவத்தின் அளவு வேறு, தூரத்தின் அளவு வேறு; ஆகவே உருவங்கள் இடித்துக்கொள்வதை நடந்த நிகழ்ச்சியாகக் கொள்வது தவறு.

மூன்றாம் நாள் அண்ணனே வந்து உட்கார்ந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “தம்பி, போட்டு எங்க நிக்குதுன்னு கேட்டா, நங்கூரம் கெடக்குற எடத்தத்தான் சொல்லுவோம். அணியம் காத்துக்கு ஏத்தபடி சுத்தும், பக்கத்துப் போட்டுல இடிக்கும், அதுக்குத்தான டயரக் கட்டித் தொங்க விடுறோம்? எடம் மாறிடுச்சுன்னு யாராச்சும் சொல்லுவாங்களா?” அணியம் என்பது படகின் முன்பகுதி. இதைக் கேட்ட பிறகு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. 1999-இல் வந்த பேட்டில்ஃப்ளீட் காதிக் என்ற விண்கப்பல் விளையாட்டில் கப்பலைத் தாங்கும் தண்டிலிருந்துதான் தூரத்தை அளப்பார்கள் என்பதைப் பின்னர் படித்தபோது, அண்ணனின் நங்கூரமே நினைவுக்கு வந்தது.

அன்று முதல் எங்கள் பழக்கம் இது. ஒவ்வொரு கப்பலுக்கும் அதன் அடித்தட்டின் அளவிலேயே, திசைக்கோடு வரைந்த ஓர் அட்டை உண்டு. உருவங்கள் நெருங்கினால், எடுப்பதற்கு முன் அடித்தட்டின் இரு பக்கங்களிலும் பகடைகளை அணைத்து வைத்து, இருவரும் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே கப்பலை எடுத்து அட்டையை வைப்போம். கைப்பேசியில் படம் எடுப்பதாயிருந்தால் நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். சாய்வாக எடுத்த படம் அரை சென்டிமீட்டரை எளிதில் விழுங்கிவிடும். விண்கப்பல்களுக்கு வெவ்வேறு உயரத்தில் மூன்று தாங்குகம்பிகள் வைத்திருக்கிறேன், மேல்முனையில் சிறு எஃகுக் குண்டு, கப்பலின் வயிற்றில் காந்தம். இடித்தால் கப்பல் சாய்ந்து கொடுக்குமே தவிர உடையாது. முதலில் சைக்கிள் கம்பியில்தான் செய்தேன், எங்கள் உப்புக்காற்றில் ஒரே பருவத்தில் துருப்பிடித்து வண்ணப்பூச்சைக் கறையாக்கிவிட்டது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியே நல்லது. காந்தத்தின் மேல்பூச்சு உரிந்தாலும் துரு ஏறும் என்பதால் நகப்பூச்சை ஒரு கோட்டிங் கொடுத்துவிடுங்கள்.

எல்லா விளையாட்டுக்கும் இதையே சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வார்ஹேமர் 40,000 என்ற போர் விளையாட்டில் வீரர்களுக்கு வட்ட அடித்தட்டுதான் கணக்கு என்றாலும், அடித்தட்டு இல்லாத வண்டிகளுக்கு உடலிலிருந்தே அளக்கிறார்கள். அங்கே உருவத்தின் விளிம்புக்குப் பொருள் உண்டு. சரிவிலோ மாடியிலோ உருவம் நிற்காமல் விழும் இடங்களில், அதைப் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டு உண்மையான இடத்தை இருவரும் நினைவில் கொள்ளலாம் என்று அதன் பழைய பதிப்புகளே அனுமதித்தன. இவ்வளவு தொல்லைக்கு அட்டை வில்லைகளை வைத்தே ஆடிவிடலாமே என்று சிலர் எழுதக்கூடும். ஆடலாம், கணக்கு அப்படியேதான் வரும். ஆனால் ஈர்க்கில் பாய்மரம் செய்து கயிறு கட்டிய ஒருவர் அதை மேசையில் பார்க்க விரும்புவதை நான் குறையாக நினைக்க மாட்டேன்.

உங்கள் உடைந்த இறக்கையைப் பெவிக்விக் மட்டும் வைத்து ஒட்டிவிடாதீர்கள். மெல்லிய விளிம்பில் அது நிற்காது, அடுத்த முறை அதே இடத்தில் விடும். உடைந்த இரு முகங்களிலும் அரை மில்லிமீட்டர் துளையிட்டு, பித்தளைக் கம்பித் துண்டு ஒன்றை ஊசிபோல உள்ளே கொடுத்து, அதன் பிறகு பசை வைத்து ஒரு நாள் அசையாமல் விடுங்கள். அண்ணனின் முன்பாய்மரத்தை நான் அப்படித்தான் சேர்த்துக் கொடுத்தேன். அறுந்த கயிறுகளை மட்டும் அவரே மீண்டும் கட்டிக்கொண்டார்.