பெரிய எண் முழு வர்க்கமா? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 18014398509481983 முழு வர்க்கமா என்று நிரல் எழுதிப் பார்த்தேன். வர்க்கமூலம் 134217728.0 என்று வந்தது. புள்ளிக்குப் பின் சுழிதான். அப்படியானால் முழு வர்க்கம்தானே?

பதில்: இல்லை, தம்பி. கடைசி இலக்கத்தைப் பாருங்கள், 3. எந்த முழு எண்ணை வர்க்கப்படுத்தினாலும் கடைசியில் 0, 1, 4, 5, 6, 9 தவிர வேறொன்றும் வராது. பள்ளிப் பிள்ளை பார்த்ததும் சொல்லிவிடுவதைக் கணினி ஏன் தவறவிட்டது? தசமப் புள்ளி எண்ணுக்கு அது ஒதுக்கும் துல்லியம் 53 பிட்டுதான், அதாவது 53 இரும இலக்கங்கள். 9007199254740992 வரை எல்லா முழு எண்களும் அதில் அப்படியே அடங்கும். அதற்கு மேல் ஒற்றைப்படை எண்களுக்கு இடமில்லை. உங்கள் எண், 2-இன் 54ஆம் அடுக்குக்கு ஒன்று குறைவு. மூலம் எடுக்கும் முன்பே அது அந்த அடுக்காக மாறிவிட்டது. நீங்கள் கேட்காத எண்ணுக்கு விடை வந்திருக்கிறது!

கேள்வி: பிறகு எதைத்தான் நம்புவது?

பதில்: முழு எண் கணக்கை. உண்மையான மூலத்தைவிடச் சிறிதாகாத ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சோதிக்கும் எண்ணை அதனால் வகுத்து, ஈவை அதனுடனேயே கூட்டிப் பாதியாக்குங்கள், மீதியை விட்டுவிடுங்கள். வந்த விடையை வைத்து இப்படியே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். விடை குறைவது நின்றதும் கையில் இருப்பதை வர்க்கப்படுத்தி ஒப்பிடுங்கள். இது நியூட்டன் முறை. பைத்தான் நிரல்மொழியில் 3.8 பதிப்பிலிருந்து முழு எண் வர்க்கமூலத்துக்கென்றே ஒரு செயற்கூறு இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: இலட்சக்கணக்கான எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மூலம் எடுத்தால் நேரமாகிறதே?

பதில்: முதலில் சலித்துவிடுங்கள். 64-ஆல் வகுத்தால் 64 வகை மீதிகள் வரலாம். வர்க்கங்களுக்கு வருவன 12 மட்டுமே. கடைசி ஆறு பிட்டுகளே அந்த மீதி என்பதால் வகுக்கக்கூட வேண்டாம். 63-க்கு 16 மீதிகள், 65-க்கு 21, 11-க்கு 6. நான்கு சல்லடைகளையும் தாண்டுபவை 715-க்கு 6 எண்கள்தாம். அவற்றுக்கு மட்டும் மூலம் எடுத்தால் போதும். ஆனால் சல்லடைக்கு ‘இல்லை’ என்று மட்டுமே சொல்லத் தெரியும்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு ஆசிரியை. இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போய் 1, 4, 7, 9 வந்தால் முழு வர்க்கம் என்று பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள்.

பதில்: 34-ஐக் கொடுங்கள், அம்மா. கூட்டினால் 7, கடைசி இலக்கம் 4. இரண்டும் பொருந்துகின்றன, வர்க்கமோ இல்லை.

கேள்வி: இந்தச் சோதனை எதற்குப் பயன்படும்?

பதில்: எனக்குப் பிடித்த உதாரணம் 1643-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்மா செய்தது. 2027651281-ஐக் காரணிப்படுத்த, அதன் மூலத்துக்குச் சற்று மேலே 45030-இல் தொடங்கினார். அங்கிருந்து ஒவ்வோர் எண்ணின் வர்க்கத்திலிருந்தும் 2027651281-ஐக் கழித்து, மிஞ்சுவது முழு வர்க்கமா என்று பார்த்தார். பன்னிரண்டாவது எண் 45041. மிஞ்சியது 1040400, அதாவது 1020-இன் வர்க்கம். 45041-இலிருந்து 1020-ஐக் கழித்தால் 44021, கூட்டினால் 46061. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்.