பிரேக் போடும் இடத்தில் யாருக்கு உரிமை? சிமுலேட்டர் பந்தய விதிகள்: கேள்வி பதில்

கணினியில் காரோட்டும் சிமுலேட்டரில், இணையம் வழியாக நடக்கும் ஒரு ஜிடி3 (பந்தயத்துக்காக மாற்றிய ஸ்போர்ட்ஸ் கார்கள்) லீக்கில் சில ஆண்டுகளாக நடுவர் குழுவில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பந்தயம் முடிந்ததும் புகார்களைப் படித்து, ரீப்ளேயைப் பல கோணங்களில் ஓட்டிப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது என் வேலை. உண்மையான பந்தய விதிகள் சிமுலேட்டருக்கு எவ்வளவு பொருந்தும் என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: இத்தாலியின் மொன்சா டிராக்கில் முதல் சிகேனுக்கு (அடுத்தடுத்து எதிரெதிராகத் திரும்பும் வளைவுகள்) முன்பு வலப்பக்கமாக உள்ளே நுழைந்தேன். முன்னால் சென்றவர் எனக்கு இடம் விடாமல் திரும்பியதால் இருவரும் மோதினோம். ரீப்ளேயை அனுப்பியிருக்கிறேன். தவறு யாருடையது ஐயா?

ரீப்ளேயை நான்கு முறை பார்த்தேன். வளைவுக்கு நூறு மீட்டர் இருப்பதைக் காட்டும் பலகையைக் கடக்கும்போது உங்கள் முன் சக்கரம் அவருடைய பின் சக்கரத்துக்கு நேராகத்தான் இருக்கிறது. அவர் பிரேக் போட்ட பிறகும் நீங்கள் போடாமல் வந்ததால், வளைவின் உள்முனைக்கு (கார் உள்விளிம்பை ஒட்டித் திரும்பும் இடம்) சற்று முன்பு உங்கள் கார் அவருடைய கதவு வரை வந்துவிடுகிறது. ஆனால் அந்த நேரத்தில் உங்கள் முன் சக்கரங்கள் சுழலாமல் பூட்டிக்கொண்டு புகை கிளம்புகிறது, ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் திரும்பவில்லை. ஃபார்முலா ஒன் நடுவர்களுக்காக உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ வகுத்து 2025இல் பொதுவெளியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உட்பக்கமாக முந்துகிறவர் இடம் கேட்க வேண்டுமானால் அவருடைய முன் அச்சு, உள்முனைக்கு முன்பும் உள்முனையிலும், மற்றவரின் பக்கக் கண்ணாடிக்கு நேராகவாவது இருக்க வேண்டும். அதோடு காரைக் கட்டுப்பாட்டில் வைத்து, டிராக்கின் எல்லைக்குள்ளேயே வளைவை முடிக்கக்கூடியவராகவும் இருக்க வேண்டும். முதல் நிபந்தனையை நீங்கள் ஏறக்குறைய எட்டிவிட்டீர்கள், இரண்டாவதை எட்டவில்லை. ஆகவே தவறு உங்களுடையது என்றே நான் எழுதுவேன்.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பக்கத்தில் போய்ச் சேர்வது மட்டும் உரிமை ஆகாது, சேர்ந்த பிறகு வளைவைத் திரும்பவும் முடிய வேண்டும். புதியவர்களின் புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டில்தான் வந்து நிற்கின்றன.

கேள்வி: முன்னால் இருப்பவர் தன் இடத்தைக் காக்க எத்தனை முறை திசை மாறலாம்?

ஒரே ஒரு முறை. எஃப்ஐஏவின் சர்வதேச விளையாட்டு விதித்தொகுப்பில் எல் பின்னிணைப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒருமுறை உட்பக்கம் நகர்ந்து காத்தவர், வளைவை நெருங்கும்போது மறுபடியும் வழக்கமான பாதைக்குத் திரும்பலாம். ஆனால் டிராக்கின் விளிம்புக்கும் தன் காருக்கும் நடுவில் ஒரு காரின் அகலமாவது விட வேண்டும். 2011இல் மொன்சாவில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஷூமாக்கர் ஹாமில்டனைப் பல சுற்றுகள் தடுத்து வைத்ததைப் பார்த்தவர்களுக்கு, 2012இல் இந்த வாசகம் ஏன் இறுக்கமாக்கப்பட்டது என்பது புரியும்.

சிமுலேட்டரில் இதைவிடக் கடுமையாக நடந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: என் திரையில் மோதவே இல்லை, அவர் திரையில் மோதியிருக்கிறது. இது எப்படி? யார் பார்த்தது உண்மை?

இருவர் பார்த்ததும் அவரவர் கணினிக்கு உண்மை. மணிக்கு 216 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடிக்கு 60 மீட்டர் போகிறது. அவருடைய தகவல் சர்வர் வழியாக உங்களிடம் வந்து சேர 50 மில்லி விநாடி ஆனால், அதற்குள் அந்தக் கார் 3 மீட்டர் நகர்ந்திருக்கும். உங்கள் திரை காட்டுவது, அவர் இந்நேரம் இங்கே இருப்பார் என்று மென்பொருள் கணித்த இடத்தை. நேர்ச்சாலையில் அந்தக் கணிப்பு அநேகமாகச் சரியாக இருக்கும். ஆனால் ஒருவர் பிரேக் போடும்போதோ திடீரென்று திசை மாறும்போதோ கணிப்பு பிசகிவிடும், இல்லாத மோதலும் உண்டாகும்.

பிரேக் போடும்போது பக்கவாட்டில் நகர்வது உண்மையான டிராக்கிலேயே ஆபத்து. ஃபார்முலா ஒன் ஓட்டுநர் வெர்ஸ்டாப்பனின் ஓட்டத்தைப் பற்றி எழுந்த புகார்களுக்குப் பிறகு, 2016 அக்டோபரில் அமெரிக்காவின் ஆஸ்டின் பந்தயத்தின்போது எஃப்ஐஏ அதைத் தனியாகவே தடை செய்தது. இணையத்தில் அந்த ஆபத்தோடு இந்த மூன்று மீட்டரும் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் விதி ஒரு காரின் அகலம் விடச் சொல்லும் இடத்தில், எங்கள் லீக்கில் ஒன்றரைக் காரின் அகலம் விடச் சொல்கிறோம். விதித்தொகுப்பை வரிக்கு வரி பின்பற்றுவதைவிட, அது எதைக் காப்பாற்ற எழுதப்பட்டதோ அதைக் காப்பாற்றுவதே மெய்ம்மைக்கு நெருக்கமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: ஐரேசிங் என்ற இணையப் பந்தய சிமுலேட்டரில் பின்னாலிருந்து ஒருவர் வந்து இடித்தார். அவருக்கு 4 புள்ளி, எனக்கும் 4 புள்ளி. இது என்ன நியாயம்?

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, நானும் பலமுறை பட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் புள்ளி குற்றத்துக்கான தண்டனை அன்று. யார் மீது தவறு என்று கணினி தீர்மானிக்க முயல்வதே இல்லை. டிராக்கை விட்டு விலகினால் 1, கட்டுப்பாட்டை இழந்தால் 2, மற்றொரு காரோடு பலமாக மோதினால் 4 என்று நிகழ்வை மட்டும் பதிவு செய்கிறது. நீங்கள் ஓட்டிய வளைவுகளின் எண்ணிக்கையோடு அதை ஒப்பிட்டுப் பாதுகாப்பு மதிப்பீட்டைக் கணக்கிடுகிறது. ஒரு பந்தயத்தைப் பார்த்தால் அநியாயம்தான். ஐம்பது பந்தயங்களைச் சேர்த்துப் பார்த்தால், மோதல் வரப்போவதை முன்கூட்டியே உணர்ந்து ஒதுங்குகிறவருக்கும், உரிமை என்னுடையது என்று விடாப்பிடியாக நிற்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரிந்துவிடும். வேண்டுமென்றே இடித்தார் என்று நினைத்தால் அதற்குப் புகார் முறை தனியாக இருக்கிறது, அதை மனிதர்கள்தான் படிக்கிறார்கள்.

கேள்வி: நீலக் கொடி (பின்னால் வேகமான கார் வருகிறது என்ற அறிவிப்பு) காட்டியும் முன்னால் இருப்பவர் வழி விடவில்லை. தண்டனை உண்டா?

எந்தப் பந்தயம் என்பதைப் பொறுத்தது. ஃபார்முலா ஒன்னில் ஒரு சுற்று பின்தங்கியவர் வழி விட்டே ஆக வேண்டும். ஐரேசிங்கில் நீலக் கொடி ஒரு தகவல் மட்டுமே, பாதுகாப்பாக முந்தும் பொறுப்பு வேகமாக வருகிறவரைச் சேர்ந்தது. பல வகைக் கார்கள் கலந்து ஓடும் பந்தயங்களில் மெதுவான காரை ஓட்டுகிறவர் செய்யக்கூடிய பேருதவி, தன் வழக்கமான பாதையிலேயே செல்வதுதான். மரியாதைக்காகத் திடீரென்று ஒதுங்குகிறவரால் உண்டான விபத்துகளை, வழி விடாதவரால் உண்டானவற்றைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வெள்ளைக் கோட்டைச் சற்றே தாண்டினாலும் லேப் (சுற்று) செல்லாது என்கிறது சிமுலேட்டர். உண்மையான ஓட்டுநர்களுக்கு இவ்வளவு கெடுபிடி உண்டா?

உண்டு. வெள்ளைக் கோடு டிராக்கைச் சேர்ந்தது, அதற்கு அப்பாலுள்ள கெர்ப் (வளைவோரத்தில் வண்ணம் பூசிய மேடு) சேர்ந்ததல்ல. காரின் எந்தப் பகுதியும் டிராக்கைத் தொடாமல் போனால் டிராக்கை விட்டு வெளியேறியதாகப் பொருள். 2023 ஆஸ்திரியா கிராண்ட் பிரியில் இப்படிச் சோதிக்க வேண்டிய நிகழ்வுகள் 1,200ஐத் தாண்டிவிட்டதால், பந்தயம் முடிந்து பல மணி நேரம் கழித்து எட்டு ஓட்டுநர்களுக்குத் தண்டனை வந்தது. அடுத்த ஆண்டு அந்த வளைவுகளின் வெளிப்புறத்தில் சரளைப் பட்டை போட்டார்கள். தாண்டினால் நேரம் தானாகவே வீணாகும் என்பதால் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. இந்த ஒரு விஷயத்தில் சிமுலேட்டர் உண்மையைவிட நேர்மையானது, ஏனென்றால் எல்லாக் கார்களையும் எல்லா வளைவுகளிலும் அது ஒரே கண்ணால் பார்க்கிறது.

கேள்வி: இணையப் பந்தயங்களில் சேஃப்டி கார் (விபத்தின்போது எல்லாரையும் மெதுவாக்க முன்னால் ஓடும் கார்) ஏன் பெரும்பாலும் வருவதில்லை?

காப்பாற்ற வேண்டிய ஆள் டிராக்கில் இல்லை என்பதால். 2014இல் ஜப்பானின் சுசூகாவில் மழையில் விலகிய ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஜூல்ஸ் பியாங்கியின் கார், மற்றொரு காரை மீட்டுக்கொண்டிருந்த வாகனத்தின் மேல் மோதியது. அந்தக் காயங்களால் 2015 ஜூலையில் அவர் இறந்தார். காரை அனுப்பாமலேயே எல்லாரையும் வேகம் குறைக்க வைக்கும் மெய்நிகர் சேஃப்டி கார் முறையும் அதே 2015இல் நடைமுறைக்கு வந்தது. சிமுலேட்டரில் நொறுங்கிய கார் பழுதுபார்க்கும் இடமான பிட்டுக்கு இழுக்கப்பட்டுத் திரையிலிருந்து மறைந்துவிடும். அப்படியிருந்தும் மஞ்சள் கொடி தெரியும்போது வேகத்தைக் குறையுங்கள். குறுக்கே நிற்கும் கார் உங்கள் பந்தயத்தையும் முடித்துவிடும் என்பது இங்கேயும் உண்மை.

கேள்வி: மெய்ம்மைக்காக முதலில் எதை வாங்கலாம் அண்ணா? ஸ்டீயரிங்கா, பெடலா?

பெடல். விலையுயர்ந்த ஸ்டீயரிங்கைவிட, அழுத்தத்தை அளக்கும் லோட் செல் பிரேக் அதிகம் கற்றுத்தரும். பந்தயக் காரின் பிரேக் பெடல் அதிக தூரம் நகராது, ஓட்டுநரின் கால் நினைவில் வைப்பது அழுத்தத்தையே. செலவில்லாத மாற்றம் ஒன்றும் இருக்கிறது: திரையில் எவ்வளவு அகலமான காட்சி தெரிகிறது என்பதைத் தீர்மானிக்கும் பார்வைக் கோணத்தைச் சரிசெய்யுங்கள். 27 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். அதே 60 சென்டிமீட்டர் தூரத்தில் உட்கார்ந்தால் சரியான கிடைமட்டக் கோணம் 53 பாகை. முதல் நாள் குழாய்க்குள் பார்ப்பது போல இருக்கும். ஒரு வாரத்தில் வளைவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் கண் சரியாகக் கணிக்கத் தொடங்கிவிடும்.

கேள்வி: சிமுலேட்டரில் கற்றது உண்மையான காரில் உதவுமா?

உதவும். ஜான் மார்டன்பரோ வீடியோ கேம் ஆடுபவர்களிலிருந்து பந்தய ஓட்டுநர்களைத் தேர்ந்தெடுத்த ஜிடி அகாடமி போட்டியை 2011இல் வென்று, 2013இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் எல்எம்பி2 என்ற கார் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்த அணியில் ஓட்டினார். பாதை, பிரேக் போடும் இடம், டயரைப் பாதுகாக்கும் பொறுமை ஆகியவை அப்படியே கைகொடுக்கும். கழுத்தில் விழும் விசையும் பயமும் மட்டும் புதியவை. அந்தப் பயம் இல்லாத இடத்தில் அதன் வேலையைச் செய்யத்தான் எங்களைப் போன்ற நடுவர்கள் இருக்கிறோம்.

கேள்வி: புகாரை எப்படி எழுதினால் நடுவர்கள் கவனிப்பார்கள்?

பந்தயம் முடிந்த சூட்டில் எழுதாதீர்கள். எங்கள் லீக்கில் முதல் ஒரு மணி நேரத்துக்குப் புகார்களை ஏற்பதே இல்லை. எந்தச் சுற்று, எந்த வளைவு, ரீப்ளேயில் எந்த நிமிடம் என்று குறிப்பிடுங்கள். மோதலுக்கு முந்தைய பத்து விநாடிகளையும் சேர்த்து அனுப்புங்கள். அவர் என்ன நினைத்தார் என்பதை எழுதாமல், அவருடைய கார் என்ன செய்தது என்பதை எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் அதே காட்சியை அவருடைய காருக்குள் இருக்கும் கேமராவில் ஒருமுறை பாருங்கள். அப்படிப் பார்த்த பிறகு புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மற்றவரிடம் வருத்தம் தெரிவித்தவர்கள் எங்கள் லீக்கில் பலர் இருக்கிறார்கள்.