பல்லுக்குப் போடற கேப்புக்கு (கிரவுன்) அளவெடுக்க ஆல்ஜினேட் போதுமா, சிலிகான்தான் வேணுமா?
ஆல்ஜினேட்ல, அதாவது தண்ணியில குழைச்சு வாயில அச்செடுக்கற பொடியில, கேப்புக்கு அளவெடுத்தா சரியா உக்காருமான்னு கேட்டிருக்கீங்க, என்னைக் கேட்டா வேண்டவே வேண்டாம். அதுல பெரும்பகுதி தண்ணிதான், வாயிலருந்து எடுத்ததுமே காய ஆரம்பிச்சு சுருங்கும், சரி தண்ணியில போட்டு வைப்போம்னா உறிஞ்சி ஊதிடும், அதனால 10, 15 நிமிஷத்துக்குள்ள அந்த அச்சுல ஸ்டோன் (மாடல் செய்யற ஜிப்சம் மாவு) ஊத்தியாகணும், லேப் ஊருக்கு அந்தப் பக்கம் இருந்தா எங்க முடியும்? பல்வரிசையைப் பாத்துத் திட்டம் போடற ஸ்டடி மாடலுக்குன்னா தாராளமா போதும்.

சிலிகான்ல ரெண்டு வகை இருக்கு. கன்டன்சேஷன் சிலிகான் இறுகும்போது ஆல்கஹால் வெளிய போயி அதுவும் சுருங்கும். அடிஷன் சிலிகான்ல அந்த மாதிரி எதுவும் வெளியேறாது, அதுல இளக்கமா இருக்கற லைட் பாடி 20 மைக்ரான் அகலக் கோட்டைக்கூட பதிச்சுடும், சில நாள் கழிச்சு ஊத்தினாலும் அளவு பெருசா மாறாது. ஆனா லேடெக்ஸ் கிளவுஸ் போட்டு புட்டிய (கையால பிசையற கெட்டி சிலிகான்) பிசையாதீங்க, அந்த கிளவுஸ்ல இருக்கற சல்ஃபர் இறுகவே விடாது, வினைல் கிளவுஸ் போட்டுக்கோங்க.