காலைத் தும்மலா? முதலில் மெத்தையைப் பாருங்கள்

காற்று சுத்திகரிப்பான் வாங்கி இரண்டு மாதமாகியும் மகள் காலையில் எழுந்ததும் விடாமல் தும்முகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த நேரத்தை வைத்துப் பார்த்தால் எனக்குத் தூசிப் பூச்சி மேல்தான் சந்தேகம், அதாவது மெத்தையிலும் தலையணையிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு பூச்சி. தும்மலைத் தூண்டும் அதன் கழிவுத் துகள்கள் கொஞ்சம் கனமானவை, படுக்கையை உதறினால் மேலே எழும்பிச் சீக்கிரமே மறுபடி படிந்துவிடும், அதனால் சுத்திகரிப்பானில் நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்குள் அவை போய்ச் சேர்வது குறைவுதான். மெத்தை, தலையணை இரண்டுக்கும் நெருக்கமான நெசவுள்ள ஜிப் உறை போடுங்கள். விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைக்க வேண்டும், குளிர்ந்த நீரில் பூச்சி சாகாது. அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். அப்புறம், பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடையுங்கள், அவள் அறையில் இல்லாதபோது. மூச்சிரைப்பும் இருந்தால் இதையெல்லாம் செய்து பார்க்கும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.