ஸ்லைடு இல்லாமல் ட்ரிகரை இழுத்தால் 1911 பிஸ்டலின் ஹேமர் கெடுமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். புதிதாக ஒரு .45 காலிபர் 1911 பிஸ்டல் வாங்கினேன். சுத்தம் செய்ய, மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியான ஸ்லைடைக் கழற்றியதும், உள்ளே எப்படித்தான் வேலை செய்கிறது என்று பார்க்க, பின்புறம் சுத்தியல் போல இருக்கும் ஹேமரைப் பின்னால் இழுத்து வைத்து ட்ரிகரை அழுத்தினேன். 'டங்' என்று துப்பாக்கியின் அடிச்சட்டமான பிரேமில் போய் அடித்தது. நாலைந்து முறை இப்படிச் செய்த பிறகுதான், ரேஞ்சில் ஒருவர் அது கூடவே கூடாது என்றார். ஹேமர் கெட்டுப் போயிருக்குமா? இனி கழற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: உங்களுடையது எஃகு பிரேம் என்றால், நாலைந்து அடியில் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் ரேஞ்சில் சொன்னவர் சொன்னது சரி, இனிமேல் செய்யாதீர்கள்.

ஸ்லைடு மாட்டியிருக்கும்போது ஹேமர் போய் அடிப்பது, குண்டைத் தட்டி வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின்னின் வால் மேல். அங்கேயே, அந்தப் பின்னைப் பிடித்து வைத்திருக்கும் எஃகுத் தகடும் ஹேமரைத் தடுத்து நிறுத்திவிடும். அந்த அடியை வாங்கத்தான் அந்தத் தகடு இருக்கிறது. ஸ்லைடை எடுத்துவிட்டால் தடுக்க ஆளில்லை. ஹேமர் வழக்கத்தைவிட முன்னால் சுழன்று, முழு ஸ்பிரிங் விசையோடு பிரேமில் மோதுகிறது, அந்த ஸ்பிரிங்கும் சாதாரணமானதல்ல, வழக்கமான 1911-ல் 23 பவுண்டு அளவில் இருக்கும். எஃகு பிரேம் கொஞ்ச நாள் தாங்கும். எடை குறைந்த அலுமினிய பிரேம் என்றால் மோதும் இடத்தில் சீக்கிரமே பள்ளம் விழும். அந்த இடத்தில் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள், பளபளப்பான கீறல் மட்டும்தான் என்றால் விட்டுவிடலாம், உலோகம் நசுங்கி விளிம்பு மேலெழும்பியிருந்தால் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒரு கன்ஸ்மித்திடம் காட்டுங்கள்.

சரி, இப்போது உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய இடத்துக்கு வருவோம். ஹேமரைப் பார்த்தால் தடியான இரும்புத் துண்டு, அது எங்கே கெடப்போகிறது என்று தோன்றும். கெடுவது அந்தத் தடித்த தலை இல்லை, அடியில் இருக்கும் இரண்டு சின்னக் கொக்கிகள். ஹேமரைப் பின்னால் இழுத்து நிறுத்தும்போது சியர் என்ற சிறு துண்டின் முனை அந்தக் கொக்கிகளில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. ட்ரிகரைச் சீராக்கிய துப்பாக்கிகளில் அந்தக் கொக்கியின் உயரம் சுமார் அரை மில்லிமீட்டர்தான்! மொத்த ஸ்பிரிங் விசையையும் தாங்கி நிற்பது அந்த அரை மில்லிமீட்டர் விளிம்பு. அது மழுங்கினாலோ உடைந்தாலோ, ட்ரிகரைத் தொடாமலே ஹேமர் விழலாம், அல்லது ஒரு குண்டு சுட்டதும் ஸ்லைடு திரும்பும்போது ஹேமரும் கூடவே பின்தொடர்ந்து விழலாம். அது எந்த மாதிரி ஆபத்து என்று விளக்கவே தேவையில்லை.

அந்த விளிம்பை வீட்டிலேயே கெடுக்கச் சுலபமான வழி, காலித் துப்பாக்கியில் ஸ்லைடைப் பின்னால் பூட்டி வைத்து, அதைப் பிடித்து வைத்திருக்கும் ஸ்லைடு ஸ்டாப்பைத் தட்டி 'சடார்' என்று விடுவது. சினிமாவில் பார்க்க நன்றாக இருக்கும். மேகசினில் குண்டு இருக்கும்போது அதை உருவி சேம்பருக்குள் (பேரலின் பின்பக்கக் குழிக்குள்) தள்ளும் வேலையில் ஸ்லைடின் வேகம் கொஞ்சம் குறைகிறது. காலியாக இருந்தால் குறைக்க எதுவுமில்லை, முழு வேகத்தில் போய் மோதும். துப்பாக்கி முழுவதும் முன்னால் உதறும்போது, ட்ரிகர் தன் எடையால் பின்தங்கி சியரை லேசாக இடிக்கிறது. அந்த இடியில் சியர் நழுவினால் ஹேமர் பாதி தூரம் விழுந்து, ஹேமரை நடுவழியில் பிடிக்க வெட்டியிருக்கும் 'ஹாஃப் காக்' பள்ளத்தில் சியரின் முனை 'கடக்'கென்று மோதி நிற்கும். முனை உடைவது பல நேரம் இப்படித்தான். போட்டிக்காரர்கள் எடை குறைந்த அலுமினிய ட்ரிகர் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். நீங்கள் செய்ய வேண்டியது சுலபம்: காலியாக இருந்தால் ஸ்லைடைக் கையால் பிடித்து மெதுவாகக் கொண்டுபோய் விடுங்கள்.

ஸ்லைடு மாட்டிய நிலையில் காலியாக ட்ரிகர் இழுத்துப் பழகுவது வேறு விஷயம். அதை 1911 நன்றாகவே தாங்கும். நிறையப் பழகுகிறீர்கள் என்றால் ஸ்னாப் கேப் என்ற வெடிக்காத போலித் தோட்டாவைப் போட்டுக்கொள்ளுங்கள். (.22 பிஸ்டல் வைத்திருக்கும் நண்பர்கள் இதைப் பார்த்து அப்படியே செய்ய வேண்டாம், பல .22-களில் ஃபயரிங் பின் சேம்பர் விளிம்பிலேயே அடித்துவிடும், அவர்கள் கையேட்டைப் பார்க்கட்டும்.)

அப்புறம் கழற்றும் வேலை. முதலில் மேகசினை எடுங்கள், ஸ்லைடைப் பின்னால் இழுத்து சேம்பரைக் கண்ணால் பாருங்கள், விரலை விட்டும் தடவிப் பாருங்கள். இதைப் பழக்கத்தில் தாண்டிப் போகிறவர்கள்தான் செய்தியில் வருகிறார்கள். வெறும் சுத்தம் என்றால் ஸ்லைடு, பேரல், ஸ்லைடை முன்னால் தள்ளும் ஸ்பிரிங் இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். ஹேமரைப் பின்னால் இழுத்த நிலையிலேயே விட்டுவிடுங்கள், திரும்ப ஸ்லைடை மாட்டவும் அதுதான் வசதி. ஸ்லைடு இல்லாமல் ஹேமரை இறக்கியே ஆக வேண்டும் என்றால், கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிடியின் பின்பக்கமிருக்கும் கிரிப் சேஃப்டியை அழுத்தி, ட்ரிகரை இழுத்து, விரலோடு சேர்த்தே கீழே இறக்குங்கள். கையில் எண்ணெய் இருந்தால் முதலில் துடைத்துக்கொள்ளுங்கள், வழுக்கிப் போவது அப்போதுதான்.

ஹேமரையே வெளியே எடுக்க நினைத்தால் வரிசை முக்கியம். கட்டைவிரலால் போடும் பூட்டான தம்ப் சேஃப்டியை, ஹேமர் பின்னால் இருக்கும்போதுதான் உருவ முடியும். அதை எடுத்த பிறகு ஹேமரைச் சொன்னபடி மெதுவாக இறக்கி ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் குறைத்துவிட்டுத்தான் ஹேமரை இயக்கும் மெயின் ஸ்பிரிங் இருக்கும் கூட்டின் பின்னைத் தட்ட வேண்டும். அந்தக் கூடு வெளியே வந்துவிட்டால் ஹேமரைத் தாங்கும் 'ஹேமர் பின்' என்ற ஆணி வலப்பக்கமிருந்து விரலால் தள்ளினாலே இடப்பக்கம் வந்துவிடும். வராமல் அடம்பிடித்தால் சுத்தியலைத் தேடாதீர்கள், இறுக்கம் இன்னும் எங்கேயோ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். திரும்பப் பூட்டும்போது ஹேமரில் தொங்கும் நீளமான தண்டு, ஸ்பிரிங் கூட்டின் மேலிருக்கும் தொப்பியின் குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டுக் கூட்டை ஏற்றுங்கள். இடுக்கில் மாட்டியிருக்கும்போது பலத்தைக் காட்டினால் தண்டு வளையும். கொக்கிகளை அரத்தாலோ சாணைக் கல்லாலோ தொடவே கூடாது. இணையத்தில் ட்ரிகரை மிருதுவாக்குவது எப்படி என்று யாராவது காட்டினாலும் சரிதான்.

எல்லாம் பூட்டி முடித்ததும், காலி என்று இன்னொரு முறை உறுதி செய்துகொண்டு சோதியுங்கள். ஹேமரைப் பின்னால் நிறுத்தி, ட்ரிகரைத் தொடாமல் கட்டைவிரலால் முன்பக்கமாக நன்றாகத் தள்ளுங்கள், நகரக்கூடாது. கிரிப் சேஃப்டியை அழுத்தாமல் ட்ரிகரை இழுங்கள், விழக்கூடாது. பிறகு தம்ப் சேஃப்டியைப் போட்டு, கிரிப் சேஃப்டியை அழுத்திப் பிடித்தபடி ட்ரிகரை அழுத்தி விட்டுவிட்டு, தம்ப் சேஃப்டியை விடுவித்து, காதருகே வைத்து ஹேமரை இன்னும் கொஞ்சம் பின்னால் இழுங்கள். 'டிக்' என்று சத்தம் வந்தால் சேஃப்டி போட்டிருந்தபோதே சியர் நகர்ந்திருக்கிறது. இவற்றில் ஒன்றாவது தவறினாலோ, துப்பாக்கி கைதவறி ஹேமர் தரையில் அடிபடும்படி விழுந்திருந்தாலோ, கன்ஸ்மித் பார்க்கும்வரை அதில் குண்டு போடாதீர்கள்.